முந்நூற்றுப் பத்து மில்லி

நவம்பர் 4

அண்ணா,

சுகமா? காதுக்கு ஊற்றும் மருந்தை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? முப்பது வருடமாக மருந்துக்கடையில் நிற்கிற ஒருத்தி தங்கையாக இருக்கிறாள் என்பது உங்களுக்கு நினைவே வருவதில்லை. போனில் திட்டலாம் என்றால் பாதி கேட்காது, மீதிக்கு "சரி சரி" என்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

என் அறைச் சுவர் என்னைப் பைத்தியமாக்குகிறது. குளிர் ஆரம்பித்ததிலிருந்து தெருப்பக்கச் சுவர் தினமும் காலையில் நனைந்து நிற்கிறது. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீர் சட்டத்தில் தேங்குகிறது. மூலையில் கறுப்பாகப் பூசணம். தலையணை உறையைப் பிழியலாம். கடைக்குப் போகிற அவசரத்தில் துணி வைத்துத் துடைத்துத் துடைத்து மணிக்கட்டு வலிக்கிறது.

நேர் மேலே தையல்காரி குடியிருக்கிறாள். அவள் பாத்திரம் கழுவும் தொட்டி சரியாக என் சுவருக்கு மேலே. போய்க் கேட்டேன்.

"தொட்டி ஒழுகுதா?"

"ஒழுகினா என் தரை முதல்ல நனையணுமே அக்கா. காய்ஞ்சு கெடக்கு, வந்து பாருங்க."

நான் போய்ப் பார்க்கவில்லை. அவள் சொன்ன விதம் பிடிக்கவில்லை.

வீட்டுக்காரர் பின்கட்டில் இருக்கிறார். ஒரு அறைக்கு ஒரு ஆள், அடுப்பு ஒன்றுதான், சத்தம் கூடாது என்று மூன்று சட்டம் வைத்திருப்பவர். தையல் மிஷின் சத்தத்துக்காக அவளை எப்போது அனுப்பலாம் என்று காத்திருக்கிறார். "உங்க அண்ணன் காலேஜ்ல பிசிக்ஸ்காரர்தானே? மேலேர்ந்து ஒழுகுதுன்னு ஒரு தாள்ல எழுதி வாங்கிட்டு வாங்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஒரு வரி போதும் அண்ணா. கையெழுத்தும் தேதியும். ஈரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், சீக்கிரம் அனுப்புங்கள்.

உங்கள் தங்கை

*

நவம்பர் 12

அன்புத் தங்கைக்கு,

இங்கே குறையொன்றும் இல்லை. காது மருந்தை மறுபடி தொடங்கிவிட்டேன். நீ சொன்ன பிறகு நிறுத்தியது தவறு என்று தோன்றுகிறது. நிறுத்தும்போது சரி என்று தோன்றியது.

நீ கேட்ட வரியை உடனே எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. நான் அந்தச் சுவரைப் பார்த்ததில்லை. ஆய்வகத்தில் இருந்த காலத்திலேயே பார்க்காத ஒன்றைப் பற்றி எழுத எனக்குக் கை வராது.

முதலில் சிலவற்றைக் கவனித்துச் சொல். கண்ணாடியில் நீர் எப்படித் தொடங்குகிறது? முதலில் புகை படிந்ததுபோல மங்கி, அந்த மங்கல் சிறு துளிகளாகி, துளிகள் தங்கள் எடையைத் தாங்காமல் வழியில் இருப்பவற்றையும் விழுங்கிக்கொண்டு கீழே ஓடினால், அது ஒழுகும் நீர் இல்லை. அறையின் காற்றில் ஆவியாக இருந்த நீர் குளிர்ந்து கண்ணாடியில் இறங்குகிறது. துளி உருண்டையாக நிற்பதற்கு அதன் மேற்பரப்பே காரணம். உள்ளிருந்து இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போல அது இருக்கும். சுண்ணாம்புச் சுவர் துளியை அப்படி நிற்க விடாது, உறிஞ்சிப் பரப்பிவிடும். ஆகவே ஒரே நீர் கண்ணாடியில் முத்தாகவும் சுவரில் ஈரமாகவும் தெரியும். கசிவு என்றால் அதற்கு ஒரு தொடக்க இடம் இருக்கும். அங்கிருந்து கீழே கறை இறங்கும்.

குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே வியர்ப்பதைப் பார்த்திருப்பாய். டம்ளர் ஒழுகுவதில்லை.

இதுவும் என் ஊகம்தான். சோதித்துப் பார்ப்பது நல்லது. சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளைக் கையளவு வெட்டி, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டிவை. காலையில் தாளின் முன்பக்கம் நனைந்திருந்தால் நீர் அறையிலிருந்து வருகிறது. பின்பக்கம் நனைந்திருந்தால் சுவரிலிருந்து. அதோடு கண்ணாடியிலும் சட்டத்திலும் உள்ள நீரைத் துணியில் ஒற்றிப் பிழிந்து, உங்கள் கடை அளவு ஜாடியில் ஒரு வாரம் அளந்து எழுது.

நம் தம்பி, சின்னவனைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா? கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அண்ணன்

*

நவம்பர் 21

அண்ணா,

நலம். கேட்டது ஒரு வரி, வந்தது இரண்டு பக்கம். பரீட்சை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள், எழுதிவிட்டேன். திருத்திக்கொள்ளுங்கள்.

தாளின் முன்பக்கம் நனைந்தது. பின்பக்கம் காய்ந்து இருந்தது. ஏழு நாளும் அப்படித்தான். கண்ணாடியில் முதலில் மங்கல், பிறகு துளி, பிறகு ஓட்டம். ஏழு நாள் அளவு: 305, 310, 320, 300, 310, 315, 310. மருந்துக்கடைக்காரி அளந்தது, மில்லி தப்பாது. சராசரி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பிடித்த வேலை.

அப்படியென்றால் என்ன, என் மூச்சே என் சுவரை நனைக்கிறதா? ஒரு கிழவி மூச்சில் ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீரா? இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஏம்மா, நானும்தான் மூச்சு விடறேன், என் சுவரு காய்ஞ்சுதானே இருக்கு? உங்க அண்ணன் ரொம்பப் படிச்சிட்டாரு" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற தையல்காரியும் சிரித்துவிட்டாள். அவள் வீட்டைக் காலி பண்ணப் பேசுகிற மனிதரோடு சேர்ந்து சிரிக்கிறாள், என்ன சொல்ல!

ஜன்னலைத் திறந்து வை என்று அடுத்து எழுதுவீர்கள். முடியாது. திறந்தால் இருமல் கூடுகிறது.

டிசம்பர் கடைசிக்குள் தாள் வேண்டும் என்கிறார். இனிக் கேள்வி கேட்காதீர்கள்.

தங்கை

*

டிசம்பர் 1

அன்புத் தங்கைக்கு,

உன் கோபம் நியாயம். மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் அளவுகள் மிக நேர்த்தி. என் மாணவர்கள் யாரும் இப்படித் தந்ததில்லை. அதனால்தான் சங்கடம். தூங்குகிற ஒருவரின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் ஓர் இரவில் ஏறத்தாழ நீ அளந்த அளவு நீர் வெளியேறலாம். ஆனால் அதில் பாதிக்கு மேல் கதவிடுக்கு வழியாகப் போய்விடும், சுவரும் கொஞ்சம் குடித்துவிடும். கண்ணாடியில் மட்டும் முந்நூற்றுப் பத்து என்பது ஒருவருக்கு அதிகம். என் கணக்கு தவறாக இருக்கலாம். இரவில் வெந்நீர் கொதிக்க வைக்கிறாயா? துணி உலர்த்துகிறாயா?

ஒரே ஒரு சோதனை, கடைசி. ஓர் இரவு வேறு எங்காவது படுத்துக்கொள். அறையை எப்போதும்போல் மூடி வை. ஆளில்லாத அறையில் நீர் சேராவிட்டால், வந்த நீர் உன்னுடையது. எப்போதும்போல் சேர்ந்தால் என் விளக்கம் பிழை, மேலே பார்க்க வேண்டியதுதான். அப்படியானால் மன்னிப்புக் கேட்டு, நீ விரும்பிய வரியை எழுதித் தருகிறேன்.

இருமல் எப்போதிலிருந்து? நெஞ்சில் சளி இருக்கிறதா? அதைப் பற்றி நீ எழுதவேயில்லை.

அண்ணன்

*

டிசம்பர் 10

அண்ணா,

எழுதுகிற கையில் இன்று தெம்பு இருக்கிறது. சனிக்கிழமை இரவு கடையில் என்னோடு வேலை செய்கிறவள் வீட்டில் போய்ப் படுத்தேன். அவள் குறட்டையில் ஒரு பொட்டுத் தூக்கமில்லை. விடிந்ததும் ஓடிவந்து, வாயில் தண்ணீர்கூட ஊற்றாமல் அளந்தேன்.

நூற்று ஐம்பத்தைந்து மில்லி.

நான் இல்லை, அண்ணா. என் மூச்சும் இல்லை. அடுப்பு இல்லை, துணி இல்லை. நூற்று ஐம்பத்தைந்து! இப்போதாவது ஒப்புக்கொள்கிறீர்களா? மேலிருந்துதான் வருகிறது. சந்தேகமாக இருக்கும் என்று ஞாயிறும் அங்கேயே படுத்தேன். நூற்று ஐம்பது.

வீட்டுக்காரர் தையல்காரிக்கு வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். அவள் மாடிப்படியில் என்னை மறித்தாள். "அக்கா, பத்து நாளா நான் அந்தத் தொட்டியையே தொடல. குழாய மூடி, வாளில தண்ணி பிடிச்சு வாசல்ல கழுவறேன். இதுக்கு மேல என்ன பண்ணணும், சொல்லுங்க" என்றாள். அழவில்லை. நூலை ஊசியில் கோத்தபடி கேட்டாள். என் அண்ணன் சொல்வார் என்று மட்டும் சொன்னேன்.

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்துவிட்டேன். இப்போது உங்கள் முறை.

தங்கை

*

டிசம்பர் 30

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், அப்படியே நாட்கள் போயின.

மேலிருந்து ஒழுகினால் நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அளவு மாறக்கூடாது. உன் மூச்சு மட்டும்தான் என்றால் நீ இல்லாதபோது எதுவும் சேரக்கூடாது. உனக்கு வந்திருப்பது சரிபாதி. இரண்டு இரவும் சரிபாதி.

இதற்கு மேல் நான் எழுதவில்லை.

வீட்டுக்காரருக்கான தாளை இணைத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: "அறைச் சுவரில் காணப்படும் ஈரத்துக்கு மாடித் தொட்டி காரணமா, அல்லவா என்று உறுதியாகக் கூற இயலாது."

போர்வைகளை வெயில் வரும் பக்கம் உலர்த்து. உடம்பைப் பார்த்துக்கொள். யாருக்கு இருமல் என்றாலும் கஷாயத்தை நம்பிக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்டு.

அண்ணன்

*

ஜனவரி 7

அண்ணா,

உங்கள் தாள் வேலை செய்துவிட்டது. வீட்டுக்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறிப்போய், படியில் நின்றே உரக்கப் படித்தார். "பாத்தியா? ஒழுகலன்னு படிச்சவராலயே சொல்ல முடியல." தையல்காரி வாங்கிப் பார்த்தாள். "ஒழுகுதுன்னும் சொல்லலையே" என்றாள். "அது உன் சாமர்த்தியம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணு" என்றார். இப்போது மிஷினைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. கேட்டது கிடைத்துவிட்டது. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு பக்கமும் பிடிக்காமல் நடுவில் தொங்குகிற வாக்கியம் ஒன்றை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எங்கோ பார்த்த நினைவு வந்தது. பெட்டியைத் திறந்து தேடினேன். பதினோரு வருடத்துக்கு முன் உங்கள் கல்லூரி விசாரணையில் நீங்கள் கொடுத்த அறிக்கையின் நகல். கொதிநீர் தெறித்து அந்த மாணவியின் கையும் கழுத்தும் வெந்துபோன அன்று, "பொறுப்பு யாருடையது என்று உறுதியாகக் கூற இயலாது." வாக்கியத்தின் முடிவு அப்படியே, ஒரு எழுத்துகூட மாறவில்லை. சின்னவன் லேப் அட்டெண்டர், நீங்கள் விரிவுரையாளர். உறுதியாகக் கூற இயலாவிட்டால் யாரை அனுப்புவார்கள்? அவனைத்தான் அனுப்பினார்கள்.

அன்றைக்கு நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அண்ணனைக் கேள்வி கேட்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. இன்றைக்குக் கேட்கிறேன். உங்களுக்கு என்ன தெரியும்? தெரிந்ததை எழுதுங்கள்.

தங்கை

*

ஜனவரி 10

தங்கைக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. மதியத்துக்குள் இதைத் தபாலில் சேர்க்கப் போகிறேன், இல்லாவிட்டால் கிழித்துவிடுவேன்.

உன் அறையில் இரண்டு பேர் தூங்குகிறீர்கள். நீ போன இரவுகளில் ஒருவர் இருந்தார். அதனால்தான் பாதி. டிசம்பர் பத்தாம் தேதிக் கடிதத்தைப் பிரித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. மாடியில் ஒழுக்கு இல்லை. இருமல் உனக்கில்லை. ஒரு அறைக்கு ஒரு ஆள் என்று சொல்கிற வீட்டில், வீடு போகும் என்று பயப்படாமல் நீ ஒளித்து வைத்துப் பார்த்துக்கொள்கிற ஆள் ஒருவன்தான் இருக்க முடியும். உன் பொய்க்குள் நீ தந்த அளவுகள் எல்லாம் உண்மையாக இருந்தன. உனக்குப் பொய்யாக அளக்கத் தெரியவில்லை.

தெரிந்தும் இருபது நாள் சும்மா இருந்தேன். எழுதினால் உனக்கு வீடு போகும், எழுதாவிட்டால் தையல்காரிக்குப் போகும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எழுதினால் சின்னவன் பெயரை எழுத வேண்டும். அதற்குத்தான் பயந்தேன்.

வீட்டுக்காரருக்குப் புதிய தாள்: "ஈரம் மாடியிலிருந்து வரவில்லை. அறைக் காற்றின் ஆவி குளிர்ந்த சுவரில் நீராகிறது. இதற்கும் மாடியில் குடியிருப்பவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. என் முந்தைய தாள் தவறு." இதில் உன்னைக் காட்டிக்கொடுக்கும் சொல் எதுவும் இல்லை. கொடுப்பதும் கொடுக்காததும் உன் கையில்.

இனி வருவது அவனுக்கு. அவன் படிக்கும்படி கொடு.

தம்பி, அன்றைக்குக் குடுவை புதியது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. காய்ச்சி வடித்த நீர். அப்படிப்பட்ட நீரில் ஆவி தொடங்க இடம் கிடைக்காது. முளைக்கிற சிறு குமிழியை நீரின் பரப்பு இழுவிசையே நசுக்கிவிடும். நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறியும் அசையாமல் நிற்கும். யாராவது லேசாகத் தட்டினால் முழுக் குடுவையும் ஒரே நொடியில் எழும்பும். அதைத் தடுக்கத்தான் பீங்கான் சில்லுகள் போடுகிறோம். அன்று நீ அந்த மேசையில் இல்லை. நான்தான் உன்னைப் பனிக்கட்டி எடுத்துவர அனுப்பினேன். சில்லுகளை நான் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மறந்துவிட்டேன். விசாரணையில் கேட்டபோது நினைவிருந்தது.

அண்ணன்

*

ஜனவரி 22

அண்ணனுக்கு,

அக்கா நலம். எனக்கு இருமல் குறைந்திருக்கிறது, மருத்துவரிடம் போனோம். ஜன்னலைப் பகலில் ஒரு மணி நேரம் திறந்து வைக்கிறோம். காலையில் தொண்ணூறு மில்லி. அக்கா இன்னும் அளக்கிறாள், சொன்னால் கேட்பதில்லை.

உங்கள் தாளை அக்கா வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். அவர் நம்பவில்லை. "அப்ப இவ்வளவு தண்ணி எங்கேர்ந்தும்மா?" என்றார். அக்கா கதவைத் திறந்து, "இதோ இங்கேர்ந்து" என்று என்னைக் காட்டினாள். கட்டிலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு அறைக்கு ஒரு ஆள் என்ற சட்டத்தை அவர் மூன்று தடவை உரக்கச் சொன்னார். மார்ச் முதல் தேதிக்குள் நான் போய்விட வேண்டும், அக்கா இருக்கலாம். தையல்காரி இருக்கிறாள். மிஷினை மறுபடி மாட்டிவிட்டாள். அக்கா மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவள் "சரிக்கா" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டாளாம். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கென்று எழுதியதைப் படித்தேன். பனிக்கட்டியோடு நான் திரும்பி வந்தபோது சில்லு ஜாடி மூடியோடு அலமாரியிலேயே இருந்தது. நான் பார்த்தேன். விசாரணையில் நான் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் யோசித்திருக்கிறீர்களா? நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். எனக்கு முன்னால் உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் சொன்னதை வாசித்துக் காட்டினார்கள். அதன் பிறகு என்ன சொன்னாலும் தம்பி அண்ணன் மேல் பழி போடுகிறான் என்றுதானே ஆகும்?

இந்தப் பதினோரு வருடத்தில் நான்கு இடத்தில் வேலைக்குப் போனேன். மூன்று இடத்தில் நடத்தைச் சான்று கேட்டு, பார்த்துவிட்டு அனுப்பினார்கள். இப்போதும் குடிநீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள். சான்றில் "கவனக்குறைவு" என்றிருக்கிறது.

எனக்குத் தெரிந்ததையே எனக்கு எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. தெரியாதவர்களுக்கு எழுதுங்கள்.

தம்பி

*

பிப்ரவரி 6

தம்பிக்கு,

உனக்கு இருமல் குறைந்தது என்று படித்து நிம்மதியடைந்தேன். நான் நலம் என்று எழுதினால் பொய்யாகாது, ஆனால் மூன்று நாளாகக் கால் வீங்கியிருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்ததால் வந்த வீக்கம்.

முதல் நாள் முதல்வரைப் பார்த்தேன். என்னைவிட முப்பது வயது இளையவர், மிக மரியாதையானவர். அதுதான் தொல்லை. "பழைய விஷயம் சார். யாரும் இப்ப கேக்கல. காபி சாப்பிடறீங்களா?" என்றார். சாப்பிட்டேன். வெளியே வந்த பிறகுதான் எதற்குப் போனேன் என்பதே நினைவுக்கு வந்தது. இரண்டாம் நாள் அவர் இல்லை. மூன்றாம் நாள் எழுத்தரிடம் மனுவை நீட்டினேன். அவர் பதிவேட்டைத் திறந்தார்.

"புகார் யார் மேல சார்?"

"என் மேல."

"குடுக்கறது?"

"நான்தான்."

"ரெண்டு கட்டத்துலயும் ஒரே பேர் வந்தா மேல திருப்பி அனுப்பிடுவாங்க சார். வேற யாராவது குடுக்கச் சொல்லுங்களேன்."

"வேற யாருக்கும் தெரியாதுங்க."

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சரி, யோசித்துவிட்டு வருகிறேன்" என்று வாய்வரை வந்தது. எழுந்தால் போய்விடுவேன் என்று தெரிந்ததால் எழவில்லை. மதிய இடைவேளைக்கு அறையைப் பூட்ட வேண்டும் என்றார்கள். "பூட்டிக்குங்க, நான் உள்ளேயே இருக்கேன்" என்றேன். பூட்டவில்லை. நாலரை மணிக்கு, வீட்டுக்குப் போகிற அவசரத்தில், ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். "ஏன் சார் இந்த வயசுல?" என்று கேட்டார். நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

முத்திரையிட்ட நகலை இணைத்திருக்கிறேன். இதனால் உன் சான்று மாறிவிடவில்லை. பிப்ரவரி 24 அன்று மூன்று பேர் கொண்ட குழு கூடும். அவர்கள் என்னைக் கேட்பார்கள், பிறகு முடிவு செய்வார்களாம். பரிசோதனைக் கூடம் அதுவரை காத்திருக்குமா என்று கேட்டுப் பார். நானும் எழுதியிருக்கிறேன்.

என் வீட்டில் பின்னறை காலியாக இருக்கிறது. மார்ச் முதல் தேதிக்குப் பிறகு என்று சொல்லவில்லை, எப்போதும். நீ வரமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். அதை நான் வற்புறுத்தப் போவதில்லை.

வற்புறுத்துவது வேறொன்றை. 24ஆம் தேதி நீ வா. குழு உன்னை அழைக்கவில்லை, அழைக்கச் சொல்லி நான் கடிதம் கொடுத்திருக்கிறேன். என்னோடு நீ பேச வேண்டாம், என் பக்கத்தில் உட்காரவும் வேண்டாம். அந்த மூவரும் மரியாதையானவர்களாக இருப்பார்கள். "உங்களுக்கு வயதாகிவிட்டது, நினைவு பிசகியிருக்கலாம்" என்று இரக்கத்தோடு ஒரு வழி திறந்து விடுவார்கள். எனக்கு என்னைத் தெரியும். அந்த வழி திறந்திருந்தால் நான் போய்விடுவேன்.

நீ வாசற்பக்கம் உட்கார்.

அண்ணன்